காற்றுக்கு ஒரு கணக்கேடு

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் தோவாளையைக் கடந்ததும், பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்திருப்போர் ஒருவரும் சொல்லாமலே ஷட்டரை இறக்கிவிடுவது ஆனி, ஆடி மாதங்களில் நாம் காணும் காட்சி. பூச்சந்தைக்கு வந்து திரும்பும் பெண்கள் முந்தானையை இறுகச் செருகிக்கொள்வார்கள். இரு மருங்கிலும் மலைகள் நெருங்கி வந்து நிற்க, இடையில் திறந்து கிடக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேலைக்காற்று கிழக்கு நோக்கிப் பாயும் காலம் அது. அங்கேதான் காற்றாடிமலை இருக்கிறது. 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட மலை அது. 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். காற்றாலைகள் வந்து சேர்வதற்கு நெடுங்காலம் முன்பே அம்மலையைக் காற்றின் பெயரால் அழைத்துவந்த மக்களுக்கு, அவ்விடத்தின் இயல்பைச் சொல்ல எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

நம் கடற்கரையிலும் அப்படியே. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கச்சான். காற்று எங்கே போகிறது என்று பார்த்துப் பெயரிடாமல், எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே நம் முன்னோர் பெயரிட்டனர். இன்றைய வானிலை அறிஞர்களின் வழக்கமும் இதுவே. கட்டுமரத்தில் நிற்பவர் கன்னத்தில் படும் காற்றைக் கொண்டே திசையை அறிந்தார்; பாய் புடைக்கும் அளவைக் கொண்டு விசையை அறிந்தார். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று உழவர்கள் சொன்னார்கள். அந்த அம்மியின் எடை என்ன, காற்றின் வேகம் எத்தனை மீட்டர் என்று பழமொழி சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அன்று எழவில்லை. அந்தத் தேவை எப்போது எழுந்தது, காற்றை எண்ணாக மாற்ற யார் என்ன பாடுபட்டார்கள், அந்த எண் நமக்கு எதைத் தந்தது, எதைத் தரத் தவறியது என்பவற்றைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

காற்றின் திசையைக் காட்டும் கருவி மிகப் பழையது. ஐரோப்பிய ஆலயக் கோபுரங்களின் உச்சியில் சுழலும் சேவல் நம்மில் பலருக்குப் படங்களின் வழியாகவேனும் தெரிந்தது. பேதுருவின் மறுதலிப்பை நினைவூட்டும் அந்தச் சேவல், காற்று வரும் பக்கம் தன் அலகைத் திருப்பி நிற்கும். இத்தாலியின் பிரேசியா நகரில் ஆயர் ராம்பெர்த்துஸ் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட ஒரு சேவல் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேகத்தை அளக்கும் முயற்சி பிற்காலத்தது. திருத்தந்தையின் அலுவலகத்தில் எழுத்துப் பணி செய்த லியோன் பாட்டிஸ்டா ஆல்பெர்ட்டி பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு வழியைச் சொன்னார். தொங்கும் தகடு ஒன்று காற்றில் எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பதே அது. இன்று நாம் காணும் கிண்ணக் கருவியை 1846இல் உருவாக்கியவர் அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தின் தலைவர் தாமஸ் ராம்னி ராபின்சன். அவரும் ஒரு குருவே. ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். நிமிர்ந்த அச்சில் பூட்டிய நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள் காற்றில் சுழலும்; சுற்றுகளை எண்ணினால் வேகம் கிடைத்துவிடும். 1926இல் கனடாவின் ஜான் பேட்டர்சன் நான்கை மூன்றாக்கினார். அந்த மூன்று கிண்ணக் காற்றுவேகமானியே உலகெங்கும் நிலைபெற்றது.

ராபின்சன் ஒரு பிழையும் செய்தார். கிண்ணம் எந்த அளவினதாயினும் காற்றின் வேகம் கிண்ணத்தின் வேகத்தைப் போல் மூன்று மடங்கு என்று அவர் நம்பினார். உண்மையில் அந்த மடங்கு கிண்ணத்தின் அளவையும் அதைத் தாங்கும் கையின் நீளத்தையும் பொறுத்து மாறும். அதனால் பத்தாண்டுக் கணக்கில் பல நிலையங்கள் காற்றை உள்ளதைவிடக் கூட்டியே எழுதிவந்தன. 1879 டிசம்பர் 28 இரவு ஸ்காட்லாந்தின் டே பாலம் புயலில் இடிந்து ரயிலோடு ஆற்றில் விழுந்தபின்தான், காற்றின் அளவை யாரும் சரியாக அறியவில்லை என்ற உண்மை உறைத்தது. நல்ல மனிதர், நேர்மையான உழைப்பாளி. ஆனாலும் சரிபார்க்கப்படாத ஒரு நம்பிக்கை எத்தனை ஏடுகளைக் கெடுத்துவிடுகிறது!

என் பள்ளிப்பருவத்தில் நான் அறிந்த ஒரு கட்டடத்தின் மாடியில் காற்றுத் திசைகாட்டி ஒன்று இருந்தது. தகரத்தில் வெட்டிய அம்பு. அடியில் நான்கு திசைகளின் எழுத்துகள். அதைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளும்படி எங்களை மாடிக்கு அனுப்புவார்கள். மேற்கு, மேற்கு, மேற்கு என்று வாரக்கணக்கில் எழுதினோம். ஐப்பசியில் மழை கிழக்கிலிருந்து சாய்த்து அடித்தபோதும் அம்பு மேற்கையே காட்டியபின்தான் ஒரு மாணவன் கைவைத்துத் தள்ளிப் பார்த்தான். அது அசையவில்லை, துரு பிடித்து எப்போதோ இறுகிப்போயிருந்தது. ஆறு மாத காலம் அது சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. நாஞ்சில் நாட்டில் மேற்கு என்று எழுதிவைத்தால் ஆண்டில் பாதி நாள் பிழை வராது. செத்துப்போன கருவி உயிருள்ளதுபோல் நடிக்க ஏற்ற ஊர் இது.

இனி நம் மண்ணின் கதைக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்தது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் நிறுவப்பட்டது. ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் 1852இல் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன், சமவெளியில் கிடைக்கும் அளவுகளை மலையுச்சியின் அளவுகளோடு ஒப்பிட விரும்பினார். 1855இல் அகத்தியர்மலையின் உச்சியில், 1800 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஓர் ஆய்வகத்தைக் கட்டி எழுப்பினார். காட்டை வெட்டி வழி செய்து, கருவிகளைச் சுமந்தேற்றி, மழைக்கும் குளிருக்கும் நடுவே ஆட்களை அங்கே தங்கவைத்து வானிலையையும் புவிக்காந்தத்தையும் குறிக்கச் செய்தார். கருவியை வாங்குவது எளிது, அதன் அருகில் ஒரு மனிதனை நிறுத்திவைப்பதே அரிது என்பதை நம் மலைகளில் முதலில் கண்டுகொண்டவர் அவரே எனலாம்.

1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தபின் காற்றுவேகமானிகள் நாடெங்கும் நிறுவப்பட்டன. விதி எளியது: திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் கருவி இருக்கவேண்டும், அருகில் ஒரு மரமோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கேனும் தள்ளி நிற்கவேண்டும். ஆனால் கருவியை நாள்தோறும் பார்த்துக் குறிக்க ஆள் வேண்டும். ஆள் இருப்பது ஊருக்குள். ஊர் வளர்ந்தது. நட்டபோது இடுப்பளவு இருந்த வேம்பு கூரையைத் தாண்டியது. பக்கத்தில் மாடிகள் எழுந்தன. கருவி மாறவில்லை, சுற்றுப்புறம் மாறிவிட்டது. ஆண்டுக்காண்டு காற்று குறைந்து வருவதாக ஏடு சொன்னது. உண்மையில் குறைந்தது காற்றன்று. அதற்குக் கருவிவரை வந்துசேரக் கிடைத்த வழியே குறைந்தது. பேரிங்கில் தூசு புகுந்தாலும் இதே கதைதான். எண்ணெய் காய்ந்த கருவி மெல்லிய காற்றுக்கு அசையாது. சரியான அளவோடு தொடங்கிய கருவிகூட, பராமரிப்பு இல்லையென்றால் காற்றைக் குறைத்தே சொல்லும்.

புயலை அறிவிக்க இத்தகைய அளவு ஓரளவு உதவலாம். காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க நினைப்போர்க்கு உதவாது. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. நொடிக்கு 5 மீட்டர் வீசும் காற்று 6 மீட்டராகும்போது வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது; ஆற்றலோ 125 என்பதிலிருந்து 216 என்ற கணக்கில் கூடிவிடுகிறது. ஆகவே கருவி 10 விழுக்காடு குறைத்துச் சொன்னால், ஆற்றலில் ஏறத்தாழ 27 விழுக்காடு மறைந்துபோகும். இந்திய நாட்டில் காற்றாலைக்கு ஏற்ற காற்றே இல்லை என்று ஒரு காலத்தில் பலர் நம்பியதில் வியப்பில்லை. சோம்பலான கருவிகளின் சாட்சியத்தை வைத்து எழுதிய தீர்ப்பு அது.

அந்தத் தீர்ப்பை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அன்னா மாணி. 1918 ஆகஸ்ட் 23 அன்று பீர்மேட்டில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பீர்மேடும் நாஞ்சில் நாடும் அன்று ஒரே திருவிதாங்கூர் ஆகையால் அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு தர முன்வந்தபோது அதை மறுத்து, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கிய சிறுமி என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். காதில் அணிய மறுத்த வைரத்தைத்தான் பிற்காலத்தில் பெங்களூரில் சர் சி. வி. இராமன் ஆய்வகத்தில் இரவு பகலாக ஆராய்ந்தார். முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் பட்டம் மறுக்கப்பட்டது. 1945இல் மேற்படிப்புக்கு இங்கிலாந்து சென்றார். அங்கே அவருக்கு வாய்த்தது வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி. 1948இல் தாயகம் திரும்பி, புனேயில் வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார்.

அதுவரை மழைமானி போன்ற எளிய கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்து தருவித்த நாடு இது. எஸ். பி. வெங்கடேசுவரன் தொடங்கிய பணியை அன்னா மாணி விரிவாக்கினார். ஏறத்தாழ 100 கருவிகளுக்கு அளவு பிசகாத வரைபடங்கள் ஆயத்தம் செய்யப்பட்டன. அவை இங்கேயே செய்யப்பட்டன. செய்யப்பட்டவை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன. தவறான அளவு, அளவே இல்லாததைவிடத் தீங்கானது என்பது அவர் விடாது வற்புறுத்திய கருத்து. அளவே இல்லையென்றால் நமக்குத் தெரியாது என்று தெரியும். தவறான அளவு இருந்தால் அதுவும் தெரியாது.

1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். பெரும்பாலோர் ஈசிச்சேரில் சாயும் வயதில் அவருடைய காற்றுப் பணி தொடங்குகிறது. டி. ஏ. மூலியுடன் சேர்ந்து, நாடெங்கும் உள்ள நிலையங்களின் பழைய பதிவுகளைத் தொகுத்து 1983இல் இந்தியாவின் காற்றாற்றல் தரவு நூலை வெளியிட்டார். ஏட்டில் உள்ளதைத் தொகுத்தால் மட்டும் போதாது, நல்ல இடங்களில் புதிதாக அளக்கவேண்டும் என்ற நிலை வந்தபோது, பெங்களூரிலிருந்து அப்பணியை நடத்தினார். காற்றின் வேகத்தையும் வெயிலின் ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்ய ஒரு சிறு தொழிற்கூடத்தையும் அங்கே அமைத்தார். 1990 முதல் அந்த அளவீட்டின் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. நம் ஆரல்வாய்மொழிக் கணவாயின் கிழக்கு வாசலும், செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வாசல்களும் நாட்டின் மிகச் சிறந்த காற்றிடங்கள் என்பது எண்களாக நிலைநாட்டப்பட்டது. காற்றாடிமலைக்குப் பெயர் வைத்தவர்கள் அறிந்திருந்த செய்திதான்; ஆயினும் வங்கியில் கடன் கேட்கப் பழமொழியைக் கொண்டுபோக முடியாதே.

அளக்கும் கம்பம் ஒன்றை நடுவது எப்படி என்று பார்த்தால்தான் அந்த எண்களின் விலை புரியும். 20 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள இரும்புக் குழாயைத் தரையில் கிடத்தி, உச்சியில் கிண்ணக் கருவியையும் திசைகாட்டியையும் இடிதாங்கியையும் பூட்டுவார்கள். பிறகு கப்பியும் கயிறும் கொண்டு மெல்ல நிமிர்த்தி, சுற்றிலும் ஸ்டே கம்பிகளால் இழுத்துக் கட்டுவார்கள். ஒரு பக்கக் கம்பி மட்டும் கூடுதலாக இறுகினால் கம்பம் சாயும். சாய்ந்த கம்பத்தில் கிண்ணம் படுக்கைமட்டத்தில் சுழலாது. இடை உயரத்தில் இன்னொரு கருவி வைப்பதென்றால் அதைக் குழாயோடு ஒட்டி வைக்கக்கூடாது. நீண்ட கையொன்றின் நுனியில் வைக்கவேண்டும். அதுவும் கம்பத்துக்குப் பின்னால் காற்று மறையும் பக்கத்தில் அமையக்கூடாது. மேலைக்காற்று ஆளும் நம் கணவாயில் அந்தக் கையை வடக்கிலோ தெற்கிலோ நீட்டுவது நலம். திசைகாட்டியின் தொடக்கக் குறி வடக்கை நோக்கி நிற்கவேண்டும். இரும்புக் கம்பத்தின் அருகிலேயே காந்த ஊசியை வைத்துப் பார்த்தால் ஊசி ஏமாற்றும். எட்டி நின்று பார்க்கவேண்டும். இந்த ஒரு சிறு கவனக்குறைவால் ஓராண்டுத் திசைப் பதிவு முழுவதும் ஒரே கோணத்தில் திரும்பிப்போய்விடும்.

நட்டபின் வேலை முடிவதில்லை. ஒரு பருவக் காற்றாவது, கூடுமானால் ஆண்டுகள் சிலவாவது இடைவிடாமல் பதிய வேண்டும். கடலோரத்தில் உப்பு அரிக்கும்; தேரிக்காட்டில் செம்மண் தூசு பேரிங்கில் புகும்; திசைகாட்டியின் வாலில் காக்கை வந்து அமரும். பராமரிப்பவர் மாதந்தோறும் வந்து, கிண்ணத்தின் சுழற்சியில் தயக்கம் உண்டா என்று பார்த்து, ஸ்டே கம்பியின் இறுக்கத்தைக் கையால் தொட்டறிந்து, பதிவுகளை எடுத்துச் செல்லவேண்டும். தேய்ந்த கருவியைக் கழற்றிக் காற்றுச்சுரங்கத்தில் வைத்து அளவை மீண்டும் சரிபார்க்கவேண்டும். தமிழகத்தில் 1998இல் சென்னையில் அமைந்து, இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் நிலையம் இத்தகைய பணிகளைச் செய்கிறது. கயத்தாற்றில் அதன் சோதனை நிலையம் இருக்கிறது.

எண்கள் கிடைத்தபின் மாற்றம் விரைவாக வந்தது. 1986இல் தூத்துக்குடிக்கு அருகில் மாதிரிக் காற்றாலைகள் எழுந்தன. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க் நாட்டின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் எழுந்தன. பின்னர் தனியார் வந்தனர். இன்று முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலைக் கடந்து போகிறவர் கண்ணுக்கு எட்டும்வரை காற்றாலைகளே தெரிகின்றன. ஒவ்வொரு காற்றாலையின் பெட்டியின் பின்புறத்திலும் உற்றுப் பார்த்தால் ஒரு சிறு கிண்ணக் கருவியும் ஒரு சிறு திசைகாட்டியும் தெரியும். காற்று நொடிக்கு மூன்று நான்கு மீட்டரை எட்டியதும் சுழலத் தொடங்கு என்றும், 25 மீட்டரைத் தாண்டினால் நின்றுவிடு என்றும், இப்போது இந்தப் பக்கம் திரும்பு என்றும் அந்த மாபெரும் இறக்கைகளுக்கு ஆணையிடுவது உள்ளங்கை அளவான அந்தக் கருவிகள்தான். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்திருக்கும்போது நம் ஊர் இளைஞர்கள் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு மேலேறி அவற்றைத் துடைத்துச் சரிபார்க்கிறார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காற்றின் அளவு நூலாக அச்சேறியது, ஆனால் ஆங்கிலத்தில். தரிசு என்று கருதி நிலத்தைக் கொடுத்தவருக்குத் தம் தலைக்கு மேல் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை. வாங்க வந்தவருக்கு மீட்டர்க் கணக்கில் தெரிந்திருந்தது. அளந்தவர்கள் மேல் குற்றமில்லை. அன்னா மாணி செல்வம் சேர்த்தவர் அல்லர். 1994இல் பக்கவாதத்தால் முடங்கி, 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். எனினும் ஓர் ஊரின் காற்றை அளந்து எழுதிய ஏட்டை அந்த ஊராரின் மொழியில் யாரேனும் படித்துக் காட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அளவுக்கு அதிகாரம் கொடுத்த இடம் ஒன்று நம் மாநிலத்தில் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கி, ரயிலையும் அதிலிருந்தோரையும் கொண்டுசென்றது. அதன்பின் பழைய பாம்பன் பாலத்தில் ஒரு காற்றுவேகமானி வைக்கப்பட்டு, ரயில் சிக்னலோடு இணைக்கப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். ஓட்டுநரின் துணிவையோ நிலைய அதிகாரியின் அவசரத்தையோ அது கேட்காது. கிண்ணம் சொன்னால் ரயில் நிற்கும். 2022இல் அந்தப் பாலத்தில் ரயில் ஓடுவது நிறுத்தப்படும்வரை இந்த ஏற்பாடு இருந்தது.

கடலுக்குப் போகிறவருக்கு அத்தகைய சிவப்பு விளக்கு இல்லை. 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இலங்கையை ஒட்டி இருந்தது, மறுநாள் முற்பகலில் ஒக்கிப் புயலாகி நம் குமரிமுனைக்குத் தெற்கே கடந்துபோனது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தார்கள். கரையில் விடுத்த எச்சரிக்கை அவர்களுடைய வயர்லெஸ் எட்டும் தூரத்துக்கு அப்பால் கேட்கவில்லை. அந்த ஆண்டுத் திருவருகைக் காலத்தில் வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் ஆலயமணி எதற்காக அடித்தது என்பதை நாம் மறக்கவில்லை.

புயலை முன்னறிய நிலத்துக் கருவிகள் போதா. கடல்மேல் கருவிகள் வேண்டும். 1990களின் பிற்பகுதியிலிருந்து தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மிதவைகளை நங்கூரமிட்டு வருகிறது. காற்று, அழுத்தம், அலை ஆகியவற்றை அளந்து செயற்கைக்கோள் வழியாக அவை கரைக்குச் சொல்கின்றன. அவற்றின் பராமரிப்புக்குக் கப்பலே போகவேண்டும். உப்பும் பாசியும் கடற்சிப்பியும் செய்யும் கேடு ஒருபுறம். மறுபுறம், மிதவையின் நிழலில் மீன் கூடுகிறது. மீன் கூடும் இடத்தில் படகு கூடுகிறது. படகைக் கயிற்றால் மிதவையில் கட்டிவிட்டுத் தூண்டில் போடுகிறார்கள். இழுப்பில் கம்பம் வளைகிறது, கம்பி அறுகிறது, கிண்ணம் முறிகிறது. கரையில் அந்த இடத்திலிருந்து வரும் எண் நின்றுபோகிறது. கடலோரக் கிராமங்களுக்கு வந்து இதை எடுத்துச் சொல்லும் கூட்டங்களை அந்நிறுவனத்தார் நடத்தியிருக்கிறார்கள். கட்டுகிறவரைக் குறை சொல்வது எளிது. இருட்டில், அலையில், டீசலை மிச்சப்படுத்த ஒரு பிடிப்புத் தேடுகிறவருக்கு, அந்த மஞ்சள் மிதவை என்னவென்று யாரும் அவர் மொழியில் சொல்லாதிருந்தால் அது ஒரு கட்டுத்தறி மட்டுமே. அவர் கயிற்றை முடிச்சிடும்போது, தலைக்குச் சற்று மேலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில், கிண்ணம் சுழன்றுகொண்டிருக்கிறது.